வெலிமடைப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்து வீடு: ஓர் இரவு, இரண்டு வெடி

இந்த ஆய்வில் வரும் வீடும் ஆட்களும் சட்டத்தை விளக்குவதற்காகக் கற்பனையாக அமைக்கப்பட்டவை. சட்டப் பிரிவுகளும் துவக்கு, தோட்டா பற்றிய கணக்குகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

நடந்தது

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் வெலிமடைக்கும் ஊவா பரணகமைக்கும் இடையில், வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே, கெரட்டும் லீக்ஸும் போட்ட முக்கால் ஏக்கர். அதன் மேட்டில் இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு வீடு. முன்சுவர் செங்கல். குசினி பிறகு சேர்த்துக் கட்டியது. பாதிச் சுவருக்கு மேல் பலகை, கூரைக்குத் தகரம். வீட்டுக்காரரிடம் காட்டுப்பன்றிக்காக உரிமம் எடுத்த ஒற்றைக்குழல் 12 போர் (குழலின் துளை அளவு) துவக்கு ஒன்று இருக்கிறது. அது அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. தோட்டாக்கள் பிஸ்கட் டின்னில்.

அதிகாலை 2 மணி தாண்டி நாய் விடாமல் குரைக்கிறது. குசினி ஜன்னல் சட்டத்தை இரும்புக் கம்பியால் நெம்பும் சத்தம். மனைவியும் 2 பிள்ளைகளும் முன்னறையில். வீட்டுக்காரர் துவக்கை எடுத்து ஒரு தோட்டாவைப் போட்டு, இரண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "யாரடா அது?" என்று கத்துகிறார். அதற்குள் ஒருவன் உள்ளே குதித்துவிட்டான், கையில் மன்னாக்கத்தி (பெரிய வெட்டுக்கத்தி). கத்தியை ஓங்கி இரண்டடி வைக்கிறான். சுமார் 3 மீற்றர் தூரத்தில் முதல் வெடி. அவன் இடுப்புக்குக் கீழே அடிபட்டு விழுகிறான்.

வெளியே இன்னொருவன். தண்ணீர் மோட்டாரைக் கழற்றித் தோளில் வைத்திருந்தவன், வெடிச் சத்தத்தில் வாய்க்கால் வழியே ஓடுகிறான். வீட்டுக்காரர் துவக்கை முறித்து (குழலை மடக்கித் திறந்து), வெற்றுத் தோட்டாவை இழுத்தெடுத்து, புதியதைப் போட்டு, பின்கதவால் வெளியே வந்து, டோர்ச் வெளிச்சத்தில் முதுகைப் பார்த்துச் சுடுகிறார். தூரம் ஏறக்குறைய 25 மீற்றர். அவன் கெரட் பாத்திக்குள் விழுந்து அங்கேயே இறக்கிறான்.

பிறகு நடந்ததுதான் வழக்கை மேலும் சிக்கலாக்குகிறது. பொலிஸின் 119 க்கு அழைப்பு எடுக்கப்பட்டது விடிந்த பிறகு. அதற்கு முன் குசினித் தரை கழுவப்பட்டுவிட்டது. வெளியே இறந்தவன் பக்கத்தில் உள்ளே கிடந்த மன்னாக்கத்தி கொண்டுபோய் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே காயப்பட்டவன் உயிரோடு வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

முதல் வெடி

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் தற்காப்புரிமை 89 ஆம் பிரிவில் தொடங்கி 99 இல் முடிகிறது. 1883 ஆம் ஆண்டுச் சட்டம்தான், ஆனாலும் நீதிமன்றம் இன்றும் வரிக்கு வரி இதைத்தான் பிடித்துக் கேட்கும். 90 ஆம் பிரிவு தன் உடலையும் பிறர் உடலையும், களவு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றுக்கு எதிராகச் சொத்தையும் காக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை எப்போது உயிரை எடுக்கும் அளவுக்கு நீளும் என்பதை உடலுக்கு 93 உம் சொத்துக்கு 96 உம் சொல்கின்றன.

உள்ளே வந்தவன் விஷயத்தில் இரண்டுமே பொருந்தும். ஓங்கிய மன்னாக்கத்தி, மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும், அது 93. சூரியன் மறைந்து உதிக்குமுன் ஜன்னலை உடைத்து வீட்டுக்குள் வருவது இரவு வீடுடைப்பு. 96 ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் நான்கு நிலைமைகளில் அது ஒன்று. மற்றவை கொள்ளை, மக்கள் வசிக்கும் கட்டடத்துக்குத் தீவைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க விதத்தில் நடக்கும் களவு, சேதம் அல்லது வீட்டு அத்துமீறல்.

இந்த இடத்தில் பலர் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். "ராத்திரியில் வீட்டுக்குள் வந்தால் சுடலாமாம்" என்று லயத்துக்கு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பரவும் பேச்சு 96 ஐ மட்டும் பார்த்துப் பிறந்தது. 93, 96 இரண்டும் 92 ஆம் பிரிவுக்குக் கட்டுப்பட்டவை. பொலிஸின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கு எந்த நிலையிலும் கூடாது என்கிறது 92. ஜன்னல் உடைத்து உள்ளே வந்தவன் பதினைந்து வயதுப் பையன், கையில் ஒன்றுமில்லை, துவக்கைக் கண்டதும் கையைத் தூக்கிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இரவு வீடுடைப்புத்தான். ஆனால் அவனைச் சுட்டவரை 96 காப்பாற்றாது.

நம் வழக்கில் கத்தி ஓங்கப்பட்டது, தூரம் 3 மீற்றர், பின்னால் பிள்ளைகள். 119 க்கு அழைத்திருந்தாலும் வெலிமடையிலிருந்து வாகனம் வந்து சேருமுன் அந்த இரண்டடி முடிந்திருக்கும். முதல் வெடி உரிமைக்குள் நிற்கிறது. காலைப் பார்த்துச் சுட்டதால் அல்ல. "காலில் சுட்டால் பிரச்சினை இல்லை" என்பது ஆபத்தான நம்பிக்கை. தொடையில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். சட்டமும் காலுக்கென்று தனிச் சலுகை தரவில்லை. துவக்கால் சுடுவது எங்கே பட்டாலும் உயிருக்கு ஆபத்தான பலம்.

மேலே ஒரு எச்சரிக்கை வெடி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஒற்றைக்குழலில் எச்சரிக்கை வெடி வைத்தவர், கத்திக்காரன் முன்னால் வெறும் இரும்புக் குழாயோடு நிற்பார். வாயால் கத்தியதே எச்சரிக்கை. அதை அயலவர் கேட்டிருந்தால் சாட்சியுமாகும்.

இரண்டாவது வெடி

ஓடியவன் மோட்டாரோடு ஓடினான். களவுக்கு எதிரான சொத்துரிமை எதுவரை நீளும் என்பது 98 ஆம் பிரிவு. களவாளி பொருளோடு தப்பிச் சேரும்வரை, அல்லது பொலிஸ் உதவி கிடைக்கும்வரை, அல்லது பொருள் மீட்கப்படும்வரை அந்த உரிமை நிற்கும். ஆகவே ஓடுபவனைத் துரத்தலாம், பிடிக்கலாம், மோட்டாரைப் பறிக்கலாம். ஓடிவிட்டான் என்பதால் மட்டும் உரிமை அணைந்துவிடவில்லை.

ஆனால் வெறும் களவுக்கு எதிரான உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதை 97 தீர்மானிக்கிறது: மரணம் தவிர்ந்த தீங்கு. 96 க்குள் ஏற வேண்டுமானால், ஓடும் அந்த ஆளால் அந்த நேரத்தில் யாருக்கோ மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம் வேண்டும். முதுகு காட்டி, தோளில் பாரத்தோடு, 25 மீற்றர் தள்ளிப் போய்க்கொண்டிருப்பவனிடம் அந்த அச்சத்தைக் காட்டுவது கடினம். இருவரும் சேர்ந்து வந்தவர்கள்தானே என்ற வாதம் இங்கே தாங்காது. வீடுடைப்புக்கு எதிரான உரிமை, அந்த உடைப்பால் தொடங்கிய வீட்டு அத்துமீறல் நீடிக்கும்வரைதான் நிற்கும். வெளியே நின்றவன் வீட்டுக்குள் வரவேயில்லை. உள்ளே வந்தவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான்.

எனவே இரண்டாவது வெடிக்குக் குற்றப்பத்திரம் 296 இன்கீழ், அதாவது கொலை என்று வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். தண்டனை மரணம். 1976 க்குப் பிறகு இலங்கையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தீர்ப்பு அதுவாகவே எழுதப்படும். வீட்டுக்காரருக்காக வாதாடும் சட்டத்தரணி கையில் எடுப்பது 294 ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு: நல்லெண்ணத்தோடு தற்காப்புரிமையைப் பயன்படுத்தும்போது எல்லை மீறியவர், முன்கூட்டிய திட்டமும் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாதிருந்தால், அது கொலைக்குற்றமாகாத ஆட்கொலை. அப்போது 297. கொல்லும் எண்ணம் இருந்தால் 20 ஆண்டு வரை சிறை, விளைவை அறிந்திருந்தார் என்று மட்டும் நிறுவப்பட்டால் 10 ஆண்டு வரை. திடீரென மூண்ட கடும் ஆத்திரம் பற்றிய முதலாவது விதிவிலக்கையும் கூடவே வைப்பார்கள்.

இந்த இடத்தில் ஒற்றைக்குழல் துவக்கு வீட்டுக்காரருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. முறிப்பது, வெற்றுத் தோட்டாவை இழுப்பது, புதியதைப் போடுவது, மூடுவது, சுத்தியலை இழுப்பது, கதவைத் தாண்டி வெளியே வருவது. ஒவ்வொன்றும் சில வினாடி. அந்த வினாடிகளில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்க அரச சட்டத்தரணிக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

யார் நிறுவ வேண்டும்

தற்காப்பு என்பது விதிவிலக்கு. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவுப்படி அதை நிறுவும் சுமை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் மேல். எவ்வளவு நிறுவ வேண்டும் என்பதை 1942 இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கு தீர்த்துவைத்தது: நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அல்ல, நிகழ்தகவுகளின் சமநிலையில், அதாவது "இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்ற அளவுக்கு. சின்னச் சுமைதான். ஆனால் பொய் சொன்னவருக்கு அதுவே மலை.

கத்தியை இடம் மாற்றியது இங்கேதான் கழுத்தை நெரிக்கிறது. ஷொட்கன் (சன்னத் துவக்கு) காயம் தூரத்தைச் சொல்லிவிடும். ஒரு மீற்றருக்குள் சுட்டால் ஒரே துளை, ஓரத்தில் கருகல், உள்ளே தோட்டாவின் அடைப்பான். இரண்டு மூன்று மீற்றரில் துளையின் ஓரம் பல்லுப் பல்லாகச் சிதைந்து, சுற்றி ஓரிரு தனித் துளைகள். அதற்கப்பால் சன்னங்கள் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) பிரிந்துபோகும். சோக் (குழல் வாயை ஒடுக்கும் அமைப்பு) இல்லாத குழலில் மீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் விரியும் என்பது வழக்கமான கணக்கு. 25 மீற்றரில் அது இரண்டடி வட்டம். சட்ட வைத்திய அதிகாரி முதுகில் தள்ளித் தள்ளி மூன்று நான்கு துளைகளைக் காண்பார். அதே துவக்கையும் அதே வகைத் தோட்டாவையும் வைத்துப் பரிசோதனைச் சூடு நடத்தினால் தூரம் தெரிந்துவிடும். அதன்பிறகு "கத்தியோடு என்மேல் பாய்ந்தான்" என்ற வாக்குமூலம் நிற்காது. கூடவே, உண்மையாகவே நியாயமாக இருந்த முதல் வெடியின் கதையையும் அது இழுத்துக்கொண்டு போகும். காயப்பட்டவன் பிழைத்தால் அவனும் சாட்சி. கொலை முயற்சி என்று 300 ஆம் பிரிவும் சேரலாம்.

தரையைக் கழுவியது தனியே சான்றை மறைத்த குற்றமாகலாம். அதைவிடப் பெரிய நட்டம், அந்த இரத்தம்தான் "அவன் வீட்டுக்குள் இருந்தான்" என்பதற்கு வீட்டுக்காரர் கையில் இருந்த மிகப் பெரிய ஆதாரம்.

எந்தத் துவக்கு என்ற கேள்வி

மலையகத்தில் வீட்டுப் பாதுகாப்புக்கு எந்தத் துவக்கு நல்லது என்று கேட்பவருக்குத் தெரிவு மிகக் குறுகியது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எதையும் வைத்திருக்க முடியாது. கைத்துப்பாக்கி, ரிவோல்வர் போன்றவற்றைத் தற்பாதுகாப்புக்கென்று கேட்பவர் பாதுகாப்பு அமைச்சை அணுக வேண்டும். "களவர் வரக்கூடும்" என்ற பொதுப் பயம் அங்கே எடுபடாது. கொடுத்ததும் நிரந்தரமல்ல: 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கு வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. மரக்கறிக்காரர் கையில் இருப்பது மாவட்டச் செயலகத்தின் வழியே பயிர்ப் பாதுகாப்புக்குக் கிடைத்த ஷொட்கன். பயிர் நிலத்தைக் காட்ட முடியாத லயத்துக்காரருக்கு அதுவும் எட்டாது. உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. டிசம்பர் 31 தாண்டினால் அதே துவக்கு ஜனவரி 1 இல் சட்டவிரோதத் துவக்கு.

அதனால் கல்கட்டாஸ் என்ற நாட்டுத் துவக்கை வாங்குபவர்கள் உண்டு. கொல்லுப்பட்டறைக் குழாய், ஆணி, இறப்பர். கீழே வைத்தாலே வெடிக்கும்; வெடிக்கும்போது பின்பக்கமும் வெடிக்கும். தற்காப்பு நூறு வீதம் நியாயமாக இருந்தாலும் உரிமமில்லாத துவக்கை வைத்திருந்த குற்றம் தனியே நிற்கும், தற்காப்புரிமை அதைத் துடைக்காது. கயிறு கட்டிப் பொறியாக வைக்கும் கட்டுத்துவக்கு இன்னும் மோசம். கயிற்றில் கால் தடுக்கியவன் யார், கையில் என்ன என்று அதற்குத் தெரியாது. நியாயமான அச்சம் என்பது ஆளைக் கண்ட மனிதனுக்குத்தான் வரும். ஆகவே ஆளில்லாமல் வெடிக்கும் பொறிக்குத் தற்காப்பு என்ற வாதம் எழவே எழாது. வேலிக்குக் கொடுக்கும் கரண்ட் கம்பிக்கும் இதே கதைதான். கோவா பாத்தியில் விழுபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார்.

உரிமமுள்ள 12 போர் ஒன்றே கையில் இருக்கிறது என்றால், கவனிக்க வேண்டியவை வேறு. பழைய துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கானது. 70 மில்லிமீற்றர் தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். குழலில் பொறித்திருக்கும் அளவைப் பார்க்காமல் கடைக்காரர் தருவதை வாங்கக்கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கும். அறை வெறுமையாகத் தெரிகிறதே என்று அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் கிழியும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்ததே இதற்காகத்தான். இரண்டு அளவும் ஒரே டின்னில் இருக்கவே கூடாது.

வெளிச்சுத்தியல் வைத்த பழைய துவக்குகள் சிலவற்றில் சுடும் ஊசியின் மேலேயே சுத்தியல் அமர்ந்திருக்கும். தோட்டாவோடு அப்படித் தொங்கவிட்டால், ஆணியிலிருந்து நழுவி விழுந்தாலே வெடிக்கப் போதும். தோட்டா இல்லாமல், முறித்து, பூட்டிய பெட்டியில் துவக்கு. வேறொரு பூட்டில் தோட்டா. நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்துப் பனியில் தோலுறை ஈரத்தை உறிஞ்சிவைத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். உறையில்லாமல், எண்ணெய்த் துணியால் மெல்லியதாகப் பூசி வைப்பதே நல்லது. ஊறி வீங்கிய, பித்தளை பச்சை பூத்த தோட்டாக்களை ஒதுக்கிவிட வேண்டும். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் பொறுத்துத்தான் முறிப்பது. சத்தம் சோம்பலாக வந்தால் அடைப்பான் குழலுக்குள் நின்றிருக்கும். அடுத்த வெடிக்கு முன் குழலை ஊடாகப் பார்க்காவிட்டால் இடது கை போகும்.

சன்னத்தின் அளவும் சுவரின் தன்மையும் சேர்ந்ததே வீட்டுக்குள் உண்மையான கேள்வி. எஸ்.ஜி. எனப்படும் பெரிய சன்னம் ஒன்று 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு தோட்டாவில் ஏறக்குறைய 9 இருக்கும். கெட்டியான செங்கல் சுவர் அதைத் தாங்கும். பலகை, தகரம், சீலிங் தகடு தாங்காது. லயக் காம்பராக்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டாத இடங்கள் உண்டு. தவறிய சன்னம் அடுத்த குடும்பத்தின் தொட்டிலுக்குப் போகும். சின்னச் சன்னம் போட்டால் தீங்கில்லை என்பதும் சரியல்ல. 3 மீற்றரில் 4 ஆம் நம்பர் சன்னங்கள் பிரியுமுன்னே ஒரே உருண்டையாகத்தான் படும். அதே காரணத்தால், ஷொட்கனுக்குக் குறி தேவையில்லை, சும்மா நீட்டினால் போதும் என்பதும் வீட்டுக்குள் பொய். அந்தத் தூரத்தில் விரிவு உள்ளங்கை அகலமே. நிரபராதிக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையை 99 ஆம் பிரிவு பேசுகிறது. மரண அச்சம் தரும் தாக்குதலை வேறு வழியில் தடுக்கவே முடியாதபோது அந்த ஆபத்தை எடுக்கலாம். மோட்டாரைக் காப்பாற்ற அடுத்த காம்பராவை ஆபத்தில் போட அந்தப் பிரிவு இடம் தராது.

இந்த வீட்டில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் குசினி ஜன்னல். 12 மில்லிமீற்றர் கம்பியை 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் சட்டத்துக்குள் அல்ல, சுவருக்குள் பதித்திருந்தால் நெம்புகோலுக்கு வேலை மணிக்கணக்கு. மோட்டாரைத் தரையில் கொங்கிரீட் கட்டையில் பதித்த வளையத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டலாம். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள், வெளியே ஆள் அசைந்தால் எரியும் சூரியவிளக்கு. 

வெடித்த பிறகு

விழுந்தவன் கையில் கத்தி இல்லையென்றால், எழும்பவில்லையென்றால், உடலைக் காக்கும் உரிமை எதுவரை என்று சொல்லும் 95 ஆம் பிரிவின் அச்சம் முடிந்தது; உரிமையும் முடிந்தது. துவக்கை முறித்து, தோட்டாவை எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டு முதலில் 119, பிறகு அம்புலன்ஸுக்கு 1990. இரத்தம் பாயும் இடத்தில் மடித்த துணியை வைத்து முழுப் பலத்தோடு அழுத்தவேண்டும். கத்தி, வெற்றுத் தோட்டா, ஜன்னல், கால்தடம் எதையும் தொடக்கூடாது. அழைத்த நேரம் தொலைபேசிப் பதிவில் நிற்கும். நல்லெண்ணத்துக்கு அதைவிட மலிவான சாட்சி இல்லை.

வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். தமிழும் அரச மொழி. தமிழில் பதியக் கேட்கலாம்; இயலாதென்றால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டிய பின்பே கையெழுத்து. பொலிஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிறுவ முடியாது என்று சாட்சிக் கட்டளைச் சட்டம் சொன்னாலும், முதல் வாக்குமூலத்தில் இல்லாத கத்தி வழக்கு விசாரணையில் முளைத்தால் அந்த முரணைப் பிடிப்பார்கள். அதனால் நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஜன்னலால் வந்தான், கத்தியை ஓங்கினான், நான் கத்தினேன், சுட்டேன், அழைத்தேன். மீதி சட்டத்தரணி வந்த பின். கட்டணம் முடியாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

கொலைக் குற்றச்சாட்டு என்றால் நீதவானால் பிணை தர முடியாது. 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குள் வீட்டுக்காரர் விளக்கமறியலில் இருப்பார், கெரட் பாத்தியில் நிற்கும். அந்தக் காலத்தில் குடும்பம் செய்யக்கூடியது சில: உடைந்த ஜன்னல் சட்டத்தைப் பழுதுபார்க்காமல் அப்படியே படம் எடுத்து வைப்பது, கத்தலைக் கேட்ட அயலவரின் பெயர்களைச் சட்டத்தரணியிடம் கொடுப்பது, துவக்கு உரிமப் புத்தகமும் கடைசிப் புதுப்பித்தல் பற்றுச்சீட்டும் எங்கே என்று தேடி எடுப்பது. கத்தி இடம் மாறிய விஷயத்தைச் சட்டத்தரணிக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சட்டமா அதிபர் 297 க்கு இறங்கி வருவாரா என்ற பேச்சு தொடங்கும்போது, அது இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையில் முதன்முதலாக வெளிவந்தால் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.